எலும்புத் தூளின் விலையைக் கேட்பதற்கு முன்னால்

ஈறுநோயால் கரைந்துபோன எலும்பை மீட்பதற்கான அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், நோயாளிகளும் அவர்களுடன் வரும் குடும்பத்தாரும் எங்களிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "இருப்பதிலேயே நல்ல எலும்புத் தூள் எது, டாக்டர்?" அடுத்து விலையைப் பற்றிய கேள்வி வருகிறது. விலை கூடியது உயர்ந்தது, குறைந்தது மட்டமானது என்ற எண்ணம் இவ்விரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் பிணைத்து விடுகிறது.

கேள்வி இயல்பானதே. எனினும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவன்று என்பது எங்கள் கருத்து. எலும்பு எந்த வடிவில் கரைந்திருக்கிறது, வாய் எந்த நிலையில் இருக்கிறது என்னும் இரண்டும் முதலில் தெளிவாக வேண்டும். அதன் பின்னர், வைக்கப்போகும் பொருள் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை, நோயாளி கேளாமலேயே மருத்துவர் எடுத்துரைக்க வேண்டும். விலையைப் பற்றிய பேச்சு இவற்றுக்குப் பிறகே வர வேண்டும். இந்த வரிசை தலைகீழாகும்போது குடும்பத்தின் பணம் வீணாகிறது. சில வேளைகளில் நோயாளியின் மனச்சான்றும் புண்படுகிறது.

எலும்பு கரையும் விதம்

பல்லின் வேரைச் சுற்றித் தாடை எலும்பு இருக்கிறது. வேரின் மேல் சிமென்ட்டம் என்னும் மெல்லிய படலம் உண்டு. அதற்கும் எலும்புக்கும் இடையே நுண்ணிய இழைகள் பல்லைப் பிடித்து நிறுத்துகின்றன. நலமான வாயில் ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையிலான பள்ளம் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமே இருக்கும். பல்லின் மேல் படியும் கிருமிப் படலம் அகற்றப்படாமல் தங்கிவிட்டால் ஈறு அழற்சி கொள்கிறது. அந்த அழற்சி நீடிக்கும்போது இழைகள் அறுந்து, எலும்பு கரைந்து, பள்ளம் ஆழ்ந்த பையாக மாறுகிறது. பெரும்பாலும் வலி இருப்பதில்லை. பல் துலக்கும்போது இரத்தம் கசிவதைப் பலரும் பொருட்படுத்துவதுமில்லை. பல் ஆடத் தொடங்கிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

எலும்பு இரண்டு விதமாகக் கரையக்கூடும். கோடையில் ஏரியின் நீர்மட்டம் எங்கும் ஒரே சீராக இறங்குவதுபோல, பல பற்களைச் சுற்றி எலும்பு சமமாகத் தாழ்வது ஒரு விதம். ஒரு பல்லின் பக்கத்தில் மட்டும் கிணறு தோண்டியதுபோல் குழி விழுவது மற்றொரு விதம். எலும்புத் தூள் பயன் தருவது பெரும்பாலும் இந்த இரண்டாம் விதத்தில்தான். குழியைச் சுற்றி மூன்று பக்கமும் எலும்புச் சுவர் எஞ்சியிருந்தால் தூளும் இரத்தக் கட்டியும் அங்கே அசையாமல் தங்கும்; சுவர்களிலிருந்து புதிய உயிரணுக்கள் வந்து சேரும். இரண்டு சுவர் மட்டும் இருந்தால் வாய்ப்புக் குறையும். ஒரே சுவர் என்றால் மேலும் குறையும். சமமாகத் தாழ்ந்துபோன எலும்பின் மீது எவ்வளவு விலையுயர்ந்த தூளைக் கொட்டினாலும் பழைய உயரம் திரும்புவதை எதிர்பார்க்க முடியாது. கடைவாய்ப் பற்களின் வேர்கள் பிரியும் கவட்டில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை எலும்பு அற்றுப்போயிருந்தாலும் நிலை ஏறத்தாழ இதுவே.

ஐரோப்பிய ஈறுநோயியல் கூட்டமைப்பு 2020 இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டுதல், ஆழமான பை எஞ்சியிருந்து, எலும்புக் குழியின் ஆழம் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும்போது மீளுருவாக்க அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. "எஞ்சியிருந்து" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டுகிறோம். ஈற்றுக்கு அடியில் உள்ள காரையையும் கிருமிப் படலத்தையும் முதலில் நீக்க வேண்டும். சில வாரங்கள் காத்திருந்து மறுபடியும் அளந்து பார்க்க வேண்டும். அவ்வாறு அளக்கும்போது பல பைகள் அறுவை சிகிச்சையே தேவைப்படாத அளவுக்குச் சுருங்கியிருப்பதைக் காண்கிறோம். முதல் நாளிலேயே தூளுக்கு விலை சொல்லப்பட்டால், "சுத்தம் செய்து, மறுபடியும் அளந்து பார்த்த பிறகு முடிவு செய்யலாமா?" என்று கேட்பதற்கு நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

நான்கு குடும்பங்கள்

சந்தையில் பெயர்கள் பல இருந்தாலும் பொருள்களை அவற்றின் மூலத்தைக் கொண்டு நான்கு குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

முதலாவது, நோயாளியின் சொந்த எலும்பு. முகவாயிலிருந்தோ, கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்புறத்திலிருந்தோ சிறிதளவு சுரண்டி எடுக்கப்படுகிறது. உயிருள்ள அணுக்களைத் தன்னுடன் கொண்டுவருவது இதன் தனிச்சிறப்பு. உடல் இதை அந்நியமாகக் கருதுவதில்லை. பொருளுக்கென்று தனி விலையும் இல்லை. ஆனால் எலும்பு எடுக்கும் இடத்தில் இரண்டாவது காயம் உண்டாகும். கிடைக்கும் அளவும் குறைவு. ஒன்றிரண்டு குழிகளுக்கு இது போதும்; பல குழிகளுக்குப் போதாது.

இரண்டாவது, மனிதர்கள் கொடையாக அளித்த எலும்பு. கொடையாளர்களைச் சோதித்துத் தேர்ந்து, எலும்பைப் பதப்படுத்தி, உறையவைத்து உலர்த்தி, கிருமி நீக்கித் தருகிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி காமாக் கதிரால் கிருமி நீக்கிய எலும்பைத் தயாரிக்கிறது. இவ்வகையில் சுண்ணாம்புச் சத்தை அமிலத்தால் நீக்கிய எலும்பும் உண்டு. அவ்வாறு நீக்கிய எலும்பு புதிய எலும்பு உருவாவதைத் தூண்டவல்லது என்பதை அமெரிக்க அறுவை மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் 1965 இல் எடுத்துக்காட்டினார். 1989 இல் பவர்ஸ் என்பவரின் குழு, நோயால் பாதிக்கப்பட்ட வேரின் மீது இப்பொருளின் துணையோடு சிமென்ட்டமும் இழையும் எலும்பும் புதிதாக வளர்ந்ததை மனிதர்களிடம் நுண்ணோக்கியில் காட்டியது. எனினும் கொடையாளரின் வயதையும் பதப்படுத்தும் முறையையும் பொறுத்து இதன் தூண்டும் ஆற்றல் மாறுபடும். நம் நாட்டில் உறுப்பு மாற்றுச் சட்டம் 1994 இல் இயற்றப்பட்டு, 2011 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் திசுக்களையும் உள்ளடக்கியது. ஆகவே கொடை எலும்பு என்பது சட்டத்தின் கண்காணிப்புக்கு உட்பட்டது.

மூன்றாவது, விலங்கின் எலும்பு. பெரும்பாலும் மாட்டெலும்பே. வெப்பத்தாலும் வேதிப் பொருள்களாலும் புரதங்களை நீக்கி, தாது எலும்புக்கூட்டை மட்டும் எஞ்ச வைக்கிறார்கள். இது மிக மெதுவாகவே கரையும். பல ஆண்டுகளுக்குப் பின்னரும் இதன் துகள்கள் எலும்புக்குள் காணப்படுவதுண்டு. இடத்தை நீண்ட நாள் தாங்கி நிற்பது இதன் நன்மை. முழுவதும் சொந்த எலும்பாக மாறாமல் தங்கிவிடுவது இதன் குறை.

நான்காவது, ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் பொருள்கள். ஹைட்ராக்சிஅபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட், உயிரியல் கண்ணாடி ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. உயிரியல் கண்ணாடியை ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் 1969 இல் உருவாக்கினார். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்ரா திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகமும் இத்தகைய உயிர்ப்பீங்கான் பொருள்களை உருவாக்கியிருக்கிறது. இவற்றில் நோய் பரவும் அச்சம் இல்லை. மூலத்தைப் பற்றிய மனத்தடையும் பெரும்பாலோர்க்கு இராது. பையின் ஆழத்தைக் குறைப்பதில் நல்ல பலன் தருகின்றன. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால், இவை பெரும்பாலும் குழியை நிரப்பி நிற்கின்றன. வேரின் மீது இழைகள் மெய்யாகவே மீண்டும் வளர்ந்ததற்கான சான்று குறைவு.

இவற்றோடு, தூள் அல்லாத துணைப் பொருள்களும் உண்டு. குழியை மூடும் கொலாஜன் சவ்வு பன்றி, மாடு அல்லது மீனிலிருந்து எடுக்கப்படலாம். எனாமல் புரதக் களிம்பு பன்றிக் குட்டிகளின் வளரும் பற்களிலிருந்து எடுக்கப்படுகிறது. நோயாளியின் கையிலிருந்து எடுத்த இரத்தத்தைக் கருவியில் சுழற்றிப் பெறும் ஃபைப்ரின் படலத்தை ஃபிரான்சின் ஷூக்ரூன் 2001 இல் அறிமுகப்படுத்தினார். அது எலும்பன்று; காயம் ஆறத் துணைசெய்வது. தனியாகவும் வைக்கலாம், தூளோடு கலந்தும் வைக்கலாம்.

ஒப்பீடு சொல்வது என்ன

ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஈற்றைத் திறந்து சுத்தம் மட்டும் செய்வதைவிட, தகுந்த குழியில் மீளுருவாக்க முறையைக் கையாள்வது கூடுதலான பிடிப்பைத் தருகிறது. 2020 வழிகாட்டுதலுக்காகத் தொகுக்கப்பட்ட ஆய்வுகளில் அந்தக் கூடுதல் சராசரியாகச் சுமார் 1.3 மில்லிமீட்டர். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் 7 மில்லிமீட்டர்ப் பையை 4 மில்லிமீட்டராகச் சுருக்கி, தூரிகையால் சுத்தம் செய்யும் எல்லைக்குள் கொண்டுவரும் முயற்சியில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் மதிப்புடையது.

ஒரு தூளுக்கும் மற்றொரு தூளுக்கும் இடையிலான வேறுபாடு இவ்வளவு தெளிவாக இல்லை. குழியின் ஆழம், சுவர்களின் எண்ணிக்கை, புகைப்பழக்கம், வாயின் தூய்மை, அறுவை செய்யும் கையின் நுட்பம் ஆகியவை முடிவைப் பொருளின் பெயரைவிட வலுவாகத் தீர்மானிக்கின்றன. இத்தாலியைச் சேர்ந்த கோர்டெல்லினி, டொனெட்டி ஆகியோர் 2011 இல் வெளியிட்ட ஆய்வில் 45 நோயாளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு மிகச் சிறிய கீறலுடன் கூடிய நுண் அறுவை மட்டும். இரண்டாவது குழுவுக்கு அதனுடன் எனாமல் புரதம். மூன்றாவது குழுவுக்கு அவற்றுடன் மாட்டெலும்புத் தூளும். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மூன்று குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான், கைதேர்ந்த வல்லுநர்கள் செய்ததுதான். இதைக்கொண்டு தூளே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அகன்ற குழியில் ஈறு உள்ளே சரிந்து விடாமல் தாங்குவதற்குத் தூள் தேவை. ஆனால் குறுகிய, சுவர்கள் நிறைந்த குழியில் தூள் இல்லாமலும் எலும்பு வளரக்கூடும் என்பதை நோயாளி அறிந்திருப்பது நல்லது.

எக்ஸ்ரே படத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. தூள்களில் பல எக்ஸ்ரேயில் வெண்மையாகவே தெரியும். அறுவை முடிந்த மறுநாள் படம் எடுத்தாலும் குழி நிரம்பியதுபோல் தோன்றும். அந்த வெண்மை வைத்த பொருளின் நிழல், வளர்ந்த எலும்பன்று. பையின் ஆழம் குறைந்ததா, இரத்தக் கசிவு நின்றதா, பல்லின் ஆட்டம் தணிந்ததா என்பவற்றை ஆறு மாதம் முதல் ஓராண்டு கழித்துப் பார்ப்பதே நேர்மையான மதிப்பீடு.

மூலத்தைச் சொல்வது மருத்துவரின் கடமை

மூலத்தைச் சொல்லும் கடமையைப் பற்றி நாங்கள் சற்று அழுத்தமாகவே பேச விரும்புகிறோம். பசுவைத் தெய்வமாகப் போற்றுபவர்கள், பன்றியை விலக்கியவர்கள், வாழ்நாள் முழுவதும் சைவ உணவை ஒரு நோன்பாகக் காத்தவர்கள், இறந்தவரின் எலும்பு தம் உடலில் இருப்பதை ஏற்க மனம் ஒப்பாதவர்கள் எனப் பலரும் எங்கள் நாற்காலியில் அமர்கிறார்கள். அவர்களுள் சிலர், பல்லைக் காக்கும் மருந்து என்ற அளவில் எந்தப் பொருளையும் ஏற்றுக்கொள்கிறார்கள். சிலர் ஏற்பதில்லை. எது சரி என்று தீர்ப்பளிப்பது எங்கள் வேலையன்று. உண்மையை முன்னரே சொல்லி, முடிவை அவர்களிடம் விடுவதே எங்கள் வேலை.

"சொன்னால் பயந்து சிகிச்சையே வேண்டாம் என்று விடுவார்கள்" என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. அவர்களது கவலையை நாங்கள் மதிக்கிறோம், ஆனால் உடன்படவில்லை. முன்னரே சொன்னால் மாற்றுப் பொருளைத் தேர்வதற்கு வழி இருக்கிறது. அறுவை முடிந்த பின்னர் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்து ஒருவர் அறிந்துகொண்டால் வழி ஒன்றுமில்லை. கலந்துவிட்ட தூளைப் பிரித்தெடுக்க முடியாது. அவருக்கு அடுத்த முறை எந்த மருத்துவர் மீதும் நம்பிக்கை வராது.

"புரதம் முழுவதையும் நீக்கிய பிறகு எஞ்சுவது வெறும் தாதுதானே, அதில் மாடென்ன, மனிதனென்ன?" என்பது மற்றொரு வாதம். வேதியியல் நோக்கில் அதில் நியாயம் உண்டு. அந்த விளக்கத்தையும் நோயாளிக்குச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் விளக்கத்தைக் காரணம் காட்டி உண்மையை மறைக்கலாகாது.

பெயர்களில் உள்ள ஒரு சிக்கலையும் இங்கே சுட்ட வேண்டும். ஹைட்ராக்சிஅபடைட் என்று எழுதியிருந்தால் அது செயற்கை என்று எண்ணிவிடக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் செய்ததும் உண்டு. மாட்டெலும்பிலிருந்தும் கடற்பவளத்திலிருந்தும் பெற்றதும் உண்டு. செயற்கைத் தூள் சிலவற்றில் விலங்குக் கொலாஜன் கலந்திருப்பதும் உண்டு. ஆகவே "எந்தப் பெயர்?" என்பதைவிட "எதிலிருந்து எடுத்தது? தூள், சவ்வு இரண்டுக்கும் தனித்தனியே சொல்லுங்கள்" என்று கேட்பதே தெளிவான விடையைத் தரும்.

ஒப்புதல் படிவத்தில் இந்த விவரம் தமிழில், ஒரே வரியில், எளிதாகப் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. பொருளின் பெட்டியில் உள்ள தொகுதி எண்ணை நோயாளியின் குறிப்பேட்டில் பதிவு செய்வதும் வேண்டும். பின்னொரு நாள் ஐயம் எழுந்தால் அந்த எண்ணைக் கொண்டே பொருளைத் தேடிச் செல்ல முடியும். முதியவர்களுக்காகப் பிள்ளைகள் கையொப்பமிட வரும்போது, "அம்மாவிடம் அதையெல்லாம் சொல்ல வேண்டாம்" என்று கேட்டுக்கொள்வதுண்டு. அன்பினால் சொல்வது எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் பொருள் தங்கப்போவது அம்மாவின் தாடையில். அவர் தெளிவான மனநிலையில் இருக்கும்போது முடிவும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

எவ்வகைப் பொருளும் அழுக்கு நிறைந்த வாயில் பிழைப்பதில்லை. அறுவைக்கு முன்பே காலையும் இரவும் பல் துலக்குவதும், பல்லிடுக்குகளைச் சிறு தூரிகையால் சுத்தம் செய்வதும் பழக்கமாகிவிட வேண்டும். கை நடுக்கமுள்ள முதியவர்களுக்கும் பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவர்களுக்கும் வீட்டில் ஒருவர் துணைநிற்க வேண்டும். இந்தத் துணை இல்லாத வீட்டில் விலையுயர்ந்த தூளை வைப்பதைவிட, துணையை ஏற்பாடு செய்த பிறகு சிகிச்சையைத் தொடங்குவது மேல்.

புகைபிடிப்பவர்களிடம் பலன் குறைவாகவே கிடைக்கிறது. பீடி, சிகரெட், புகையிலை கலந்த வெற்றிலைப் பாக்கு ஆகியவற்றை அறுவைக்கு முன்பே நிறுத்துமாறு வேண்டுகிறோம். நீரிழிவு உள்ளவர்களுக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு பொதுவாக 7 சதவீதத்துக்குக் கீழ் இருப்பது இலக்கு. வயதையும் உடல்நிலையையும் பொறுத்து அவர்களது மருத்துவர் அதை மாற்றியமைக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை அறுவையைத் தள்ளிவைப்பதை யாரும் தாமதமாக எண்ண வேண்டியதில்லை.

எலும்புத் தேய்மானத்துக்கும் புற்றுநோய்க்கும் தரப்படும் அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகளை எடுத்துக்கொண்டிருந்தால் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அவற்றால் தாடை எலும்பு ஆறுவது தடைப்படக்கூடும். இரத்தம் உறையாமல் இருக்கத் தரப்படும் மாத்திரைகளையும் தெரிவிக்க வேண்டும்; ஆனால் எக்காரணம் கொண்டும் அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது.

அறுவைக்குப் பின்னர், அந்த இடத்தில் எப்போது துலக்கலாம் என்பதை மருத்துவர் சொல்லும்வரை, பரிந்துரைத்த கிருமிநாசினியால் வாய் கொப்பளிப்பது போதும். அப்பக்கத்தில் கடினமானவற்றை மெல்ல வேண்டாம். சில நாள்களில் ஓரிரு துகள்கள் வாய்க்குள் உதிர்ந்தால் அஞ்ச வேண்டியதில்லை. சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வீக்கம் ஆகியவை கண்டால் உடனே வர வேண்டும். அதன் பிறகு பெரும்பாலோர்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு தேவைப்படும். பத்தாண்டு, இருபதாண்டு தொடர்ந்து கண்காணித்த ஆய்வுகளில், தவறாமல் பராமரிப்புக்கு வந்தவர்களிடம் சிகிச்சை பெற்ற பற்களில் பெரும்பாலானவை நிலைத்து நின்றன. தூளுக்குச் செலவழித்த பிறகு இந்த வருகைகளை விட்டுவிடும் குடும்பங்களைக் காணும்போது வருந்துகிறோம். கையில் உள்ள பணம் குறைவென்றால், விலை குறைந்த பொருளைத் தேர்ந்து, மிச்சத்தைப் பராமரிப்புக்கென்று ஒதுக்குவதே அறிவுடைமை என்போம்.

அடுத்த முறை எங்கள் பிரிவுக்கு வரும்போது பழைய எக்ஸ்ரே படங்களையும், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும், அண்மைய சர்க்கரைப் பரிசோதனைத் தாளையும் கொண்டுவாருங்கள். என் குழி எவ்வகை, அதற்குத் தூள் தேவையா, வைக்கும் பொருள் எதிலிருந்து வந்தது, ஓராண்டு கழித்து என்ன எதிர்பார்க்கலாம் என்ற நான்கையும் தயங்காமல் கேளுங்கள். விடை புரியவில்லையென்றால் மறுபடியும் கேளுங்கள். புரியும்வரை கையொப்பமிட வேண்டியதில்லை.